அந்நியருக்கென்று ஒரு பல்கலைக் கழகம்!

இத்தாலிய மொழி கற்க உலகின் நாலா பக்கங்களிலிருந்தும் மாணவர்கள் போய்ச் சேரும் மலை நகரம் பெரூஜா. அங்கே அவர்கள் படும் பாடு என்ன? பெறும் பரிசு என்ன?

காலை நேரம். குளிர் எலும்பைத் துளைக்கிறது. முதல் நாள் இரவுதான் ஊர் வந்து சேர்ந்த மாணவன், முகம் கழுவக் குழாயடிக்குப் போகிறான். இரண்டு குழாய்கள். ஒன்றின் மேல் 'ஸி' என்ற எழுத்து. மற்றதன் மேல் 'எஃப்' என்ற எழுத்து.

'ஸி' என்றால் ஆங்கிலத்தில் 'கோல்டு' அல்லவா? குளிர்ந்த நீர்தான் வரும் என்று நினைத்து அதைத் திறந்து இரு கைகளையும் நீட்டுகிறான். மறு நிமிஷம் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு கைகளை இழுத்துக்கொள்கிறான். கொட்டியது வெந்நீர்!

இத்தாலிய மொழியில் 'கால்தோ' என்றால் சூடு. 'ஃப்ரெத்தோ' என்றால்தான் குளிர்ச்சி. ஆங்கிலம் தெரியும் என்ற தைரியத்தில் இத்தாலிக்குப் போகிறவர்களில் பலருக்கு முதல் பாடம் இப்படிக் குழாயடியில்தான் நடக்கிறது. ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது மறந்தாலும் மறக்கும். கையைச் சுட்டுக்கொண்டு கற்றது மறக்குமா?

இந்தச் சிறு விபத்தோடு தொடங்கும் படிப்பு, பலருடைய வாழ்க்கையையே திருப்பிவிடும் படிப்பாக முடிகிறது.

மலைமேல் ஒரு நகரம்

இத்தாலியின் நடுவில் இருப்பது உம்ப்ரியா மாநிலம். அதற்குக் கடற்கரையும் கிடையாது. அயல் நாட்டு எல்லையும் கிடையாது. அதன் தலைநகர்தான் பெரூஜா. ரோமாபுரிக்கும் ஃபிளாரன்ஸ் நகருக்கும் இடையே ஒரு மலைமேல் அமர்ந்திருக்கிறது. சந்து பொந்தெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். பழைய நகரின் பல மூலைகளுக்குப் படியேறித்தான் போக வேண்டும்.

நகரின் வடக்கு வாசலில் பிரமாண்டமான கல் வளைவு ஒன்று நிற்கிறது. ரோமானியருக்கு முன் அங்கே வாழ்ந்த எட்ருஸ்கர் என்னும் இனத்தார், கிறிஸ்து பிறப்பதற்கு இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டியது. அந்த வளைவுக்கு எதிரே செங்கல் நிறத்தில் ஓர் அரண்மனை. 18-ம் நூற்றாண்டில் ஒரு பிரபுக் குடும்பம் எழுப்பியது. 'பலாத்ஸோ கல்லேங்கா' என்று பெயர்.

பிரபுக்கள் நடமாடிய அந்த மாளிகையில் இன்று சீன மாணவனும் பிரேஸில் மாணவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வினைச்சொல் உருப்போடுகிறார்கள். அதுதான் 'ஊனிவெர்சிதா பெர் ஸ்த்ரானியேரி'. தமிழில் சொன்னால், 'அந்நியர்களுக்கான பல்கலைக் கழகம்'!

பெயரே விசித்திரமாக இருக்கிறதல்லவா? அதன் கதையும் சுவையானதுதான்.

வக்கீல் கண்ட கனவு

பெரூஜாவுக்குப் பல்கலைக் கழகம் புதிதல்ல. 1308-ம் ஆண்டிலேயே அங்கே ஒரு பல்கலைக் கழகம் ஏற்பட்டுவிட்டது. அது இன்றும் நடக்கிறது. ஆனால், பிற நாட்டாருக்கென்றே தனியாக ஒரு கலாசாலை வேண்டும் என்று எண்ணியவர் உள்ளூர் வக்கீல் ஒருவர். அஸ்தோர்ரே லுபத்தெல்லி என்பது அவர் பெயர். இத்தாலியின் கலையையும் சரித்திரத்தையும் இலக்கியத்தையும் பற்றிய உயர்தரச் சொற்பொழிவுகளை அவர் 1921-ல் தொடங்கி வைத்தார்.

விதை நல்ல நிலத்தில் விழுந்தது. 1925-ல் அரசாணை பிறந்து, அந்நியருக்கான பல்கலைக் கழகம் ஸ்தாபிதமாயிற்று. அப்போது நாட்டை ஆண்டவர் முசோலினி. இத்தாலியின் பெருமையை உலகுக்குப் பறைசாற்ற இது ஒரு மேடை என்பது ஆட்சியாளரின் கணக்கு. ஆட்சி போயிற்று, சர்வாதிகாரியும் போனார். வகுப்புகள் போகவில்லை. 1992-ல் வந்த சட்டம், மற்றப் பல்கலைக் கழகங்களைப் போலப் பட்டப் படிப்புகள் நடத்தும் வழியை அதற்குத் திறந்துவிட்டது. சியெனா என்னும் நகரிலும் இதே போன்ற பல்கலைக் கழகம் ஒன்று உண்டு.

இரண்டு அனுமதிகள்

போய் இறங்கியவுடன் பாடம் படித்துவிடலாம் என்று எண்ணினால் அது ஏமாற்றம்தான். முதலில் காகிதங்களோடு ஒரு யுத்தம் நடத்த வேண்டும்.

ஐரோப்பியக் கூட்டமைப்பைச் சேராத நாட்டிலிருந்து நீண்ட காலப் படிப்புக்கு வருகிறவர்கள், வந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்குவதற்கான அனுமதிக்கு மனுப்போட வேண்டும். இதற்குப் 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்று பெயர். தபாலாபீஸுக்குப் போய் ஒரு கனத்த உறை வாங்கி, அதற்குள் இருக்கும் படிவங்களைப் பூர்த்தி செய்து, முத்திரை ஒட்டி, பணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். பிறகு குறித்த நாளில் போலீஸ் தலைமையகத்துக்குப் போய்க் கை ரேகை பதிய வேண்டும். வரி இலாகா கொடுக்கும் எண் வேறு. எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு உருப்படி. வீடு பிடிக்க, பாங்கியில் கணக்குத் திறக்க, எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள்.

படிவம் முழுவதும் இத்தாலிய மொழியில் இருக்கும். அந்த மொழி தெரியாததால்தானே படிக்க வந்திருக்கிறான்! மொழி கற்பதற்கு முன்பே மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்தச் சங்கடம், அயல் நாடு சென்று படித்த எல்லாருக்கும் பரிச்சயமானதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பெர்மெஸ்ஸோ' என்ற அதே சொல்லை இத்தாலியர்கள் தினமும் வேறு இடத்திலும் சொல்கிறார்கள். பிறர் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது, கதவு திறந்தே இருந்தாலும், "பெர்மெஸ்ஸோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். 'உள்ளே வரலாமா?' என்று பொருள். சர்க்கார் கொடுக்கும் அனுமதி ஒன்று. வீட்டார் கொடுக்கும் அனுமதி ஒன்று. முன்னதைப் படிவம் நிரப்பி வாங்கிவிடலாம். பின்னதை வாங்கத்தான் மொழி வேண்டும்.

மழலைப் பருவம் மறுபடியும்

வகுப்பு தொடங்குகிறது. ஆசிரியை உள்ளே வருகிறார். "புவோன்ஜோர்னோ!" என்கிறார். அதற்குப் பிறகு அவர் பேசுவதெல்லாம் இத்தாலிய மொழிதான். ஆங்கிலத்தில் விளக்கலாமே என்றால், வகுப்பில் பாதிப் பேருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஜப்பானியன், அரபு நாட்டான், போலந்துக்காரி, வியட்நாமியன் என்று இருக்கும் வகுப்பில், எல்லாருக்கும் பொதுவான பாஷை, எல்லாருக்கும் தெரியாத அந்தப் பாஷை ஒன்றுதான்! படத்தைக் காட்டுகிறார், கையை ஆட்டுகிறார், நடித்துக் காட்டுகிறார். மெள்ள மெள்ளப் பனி விலகுகிறது.

ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆணா, பெண்ணா என்று தெரிந்திருக்க வேண்டும். நமக்கு நாற்காலியும் மேஜையும் அஃறிணை, அதோடு சரி. அவர்களுக்கு நாற்காலி பெண். மேஜையிலோ ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு! வெறும் மரச் சாமானாக நிற்கும்போது 'தாவொலோ', அது ஆண். விரிப்பு விரித்து, உணவு பரிமாறி, குடும்பம் சுற்றி உட்கார்ந்துவிட்டால் 'தாவொலா', அது பெண். இலக்கணப் புத்தகத்தில் ஓர் எழுத்து மாற்றம். ஆனால், சாப்பாட்டு மேஜையை அந்நாட்டார் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதும் அந்த ஓரெழுத்தில் அடங்கியிருக்கிறது.

எழுத்து இரட்டிக்கும் இடத்தில் அழுத்தம் கொடுக்காவிட்டால் அர்த்தமே மாறிவிடும். 'சேத்தே' என்றால் தாகம். 'செத்தே' என்று அழுத்தினால் ஏழு. 'கபேல்லோ' என்றால் தலைமயிர். 'கப்பேல்லோ' என்றால் தொப்பி. தொப்பிக் கடையில் போய்த் தலைமயிர் கேட்டு விழித்தவர்கள் உண்டு. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களின் காதுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. 'பாடு' வேறு, 'பாட்டு' வேறு என்று அறிந்த தமிழ்க் காதுக்கு அவ்வளவு சிரமம் இராது.

சிரமமெல்லாம் மனத்துக்குத்தான். சொந்த ஊரில் மேடை ஏறி மணிக்கணக்கில் பேசிப் பரிசு வாங்கியவன், இங்கே ரொட்டி வாங்குவதற்கு மூன்று தரம் வாய்க்குள் ஒத்திகை பார்க்கிறான். நகைச்சுவையாகப் பேசுகிறவள் என்று பெயரெடுத்தவள், இங்கே எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அர்த்தம் புரிந்து தனியாகச் சிரிக்கிறாள். இருபது வயதுக்கு மேல் மறுபடியும் குழந்தையாவது சுலபமல்ல. ஊர் நினைவு வந்து, படித்தது போதும் என்று பெட்டியைக் கட்டத் தோன்றுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அப்போது அவர்களுக்கு இத்தாலியர்கள் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. "கி வா பியானோ, வா சானோ எ வா லொன்தானோ." மெள்ளப் போகிறவன் சுகமாகப் போவான், வெகு தூரமும் போவான் என்பது கருத்து. 'பியானோ' என்றால் மெள்ள, மெதுவாக. நாம் சங்கீத வாத்தியம் என்று மட்டுமே அறிந்த சொல் அது. மெதுவாகவும் உரக்கவும் வாசிக்கக்கூடியது என்பதால் 'பியானோ-ஃபோர்த்தே' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது சுருங்கிப் 'பியானோ' ஆயிற்று.

ஊரே பாடப் புத்தகம்

மொழியோடு கலாசாரமும் பாடம். கலை, சரித்திரம், இலக்கியம், சங்கீதம் என்று பாடங்கள் விரிகின்றன. பெரூஜாவில் இவற்றைப் படிக்க ஒரு சௌகரியம் உண்டு. சரித்திர ஆசிரியர் சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வகுப்பை விட்டு வெளியே வந்தால் போதும்.

நகரின் மையச் சதுக்கத்தில் 1278-ல் நிக்கோலா பிஸானோ, அவர் மகன் ஜொவான்னி ஆகிய சிற்பிகள் செதுக்கிய நீரூற்று இருக்கிறது. அதன் கீழ்த் தொட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு மாதங்களும் அந்தந்த மாதத்து உழவு வேலைகளோடு சிற்பமாகியிருக்கின்றன. அவற்றோடு ஏழு கலைகளும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த ஏழில் இலக்கணமும் ஒன்று! வகுப்பில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மாணவனை அது சதுக்கத்திலும் விடுவதில்லை.

நகரின் தெற்கு முனையில் மூன்றாம் பால் என்ற போப்பாண்டவர் எழுப்பிய கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1540-ல் உப்பு வரியை எதிர்த்துப் பெரூஜா மக்கள் கலகம் செய்தார்கள். அதை அடக்கிய போப், எதிர்த்த பிரபுக்களின் வீடுகள் இருந்த பேட்டையையே மூடி, அதன் மேல் கோட்டையைக் கட்டினார். இன்று 1983-ல் அமைத்த நகரும் படிக்கட்டில் ஏறி, மண்ணுக்கடியில் புதைந்த அந்தப் பழைய தெருக்களின் வழியாக ஜனங்கள் மேலே வருகிறார்கள். அந்த வட்டாரத்து ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. வரி கொடுக்க மாட்டோம் என்று உப்பையே விட்டார்களாம்; ஊரார் சொல்லும் கதை இது. சரித்திர ஆசிரியர்கள் அனைவரும் இதை ஒப்புவதில்லை. ஆனால், முதல் நாள் ரொட்டியைக் கடித்து முகம் சுளிக்கும் மாணவனுக்கு இந்தக் கதையைச் சொல்லாத வீட்டுக்காரி இல்லை.

காப்பிக் கடையும் ஒரு வகுப்பறையே. அங்கே காப்பி என்றால் சின்னக் கிண்ணத்தில் இரண்டு மடக்குக் கஷாயம். பால் காப்பி வரும் என்று நினைத்து 'லாத்தே' என்று கேட்டால், ஒரு டம்ளர் வெறும் பால் வந்து நிற்கும்! 'லாத்தே' என்றால் அவர்களுக்குப் பால்தானே? நுரைத்த 'கப்புச்சீனோ' காலைக்கு உரியது. பகல் சாப்பாட்டுக்குப் பின் அதைக் கேட்டால், கடைக்காரர் கொடுப்பார். ஆனால், அயலூரான் என்று அப்போதே கண்டுகொள்வார்.

மாலை ஆனால் 'கோர்சோ வன்னூச்சி' என்னும் பெரிய வீதியில் ஊரே உலாவுகிறது. தாத்தாவும் பேரனும், காதலரும், கடைச் சிப்பந்தியும் ஒரு கோடிக்கு நடப்பார்கள். திரும்பி மறு கோடிக்கு நடப்பார்கள். காரியம் எதுவும் கிடையாது. பேச்சுத்தான் காரியம். மாதாகோயில் படிகளில் மாணவர் கூட்டம் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும். பார்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்ளும்.

பாட்டி சொன்ன சொல் அகராதியில் இல்லை!

இந்தப் பல்கலைக் கழகத்துக்கு வருகிறவர்கள் பல ரகம். ஆபரா என்னும் இசை நாடகம் பாட வேண்டும் என்ற ஆசையில் வருகிறவர்கள் உண்டு. குருமார்களும் கன்னியாஸ்திரீகளும் உண்டு. 'மார்க்கோ போலோ' என்ற திட்டத்தின் கீழ், இத்தாலியப் பல்கலைக் கழகங்களில் சேருவதற்கு முன் மொழி கற்க வரும் சீன மாணவர்களும் உண்டு.

இன்னொரு ரகத்தார் இருக்கிறார்கள். அர்ஜென்டினா, பிரேஸில், அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளில் பிறந்த பேரன் பேத்திகள். 1876-க்குப் பின் வந்த நூறு ஆண்டுகளில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் பிழைப்புத் தேடி நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களுடைய சந்ததியார், பாட்டன் பூட்டன் மொழியைக் கற்கத் திரும்பி வருகிறார்கள்.

அப்படி வருகிற ஒருவனுக்கு எதிர்பாராத அதிர்ச்சி காத்திருக்கிறது. பாட்டி மடியில் கேட்ட நாலு சொற்களை ஆசையோடு வகுப்பில் சொல்கிறான். ஆசிரியை புருவத்தைச் சுருக்குகிறார். அது என்ன சொல் என்று அவருக்கே தெரியவில்லை! அகராதியைப் புரட்டினால் அங்கேயும் இல்லை. பாட்டி பேசியது வெனிஸ் பக்கத்துப் பேச்சாக இருக்கும். அல்லது தெற்கே கலாப்ரியா பக்கத்துப் பேச்சாக இருக்கும். புத்தக இத்தாலிய மொழியைப் பாட்டி தன் ஆயுளில் பேசியிருக்கவே மாட்டாள்.

அப்படியானால் பாட்டி இத்தாலியப் பெண் அல்லவா? இந்தக் கேள்விக்குள்தான் அந்த மொழியின் ரகசியம் இருக்கிறது.

இத்தாலியரும் கற்றுக்கொண்ட மொழி

இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861-ல்தான். அதற்கு முன் அது பல துண்டுகளாகக் கிடந்தது. ஊருக்கு ஒரு பேச்சு. மிலானில் பேசியது நேப்பிள்ஸில் விளங்காது. 1861-ல் நாட்டு மக்களில் எத்தனை பேருக்கு இத்தாலிய மொழி பேசத் தெரிந்திருந்தது? நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று மொழிநூல் அறிஞர் துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். இல்லை, பத்துப் பேர் வரை இருக்கலாம் என்றார் மற்றோர் அறிஞர். எப்படிப் பார்த்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு இத்தாலியருக்கு இத்தாலிய மொழி அந்நிய மொழி!

தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ என்ற மூன்று பேர் 14-ம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் வட்டாரத்துப் பேச்சில் எழுதிய காவியங்களும் கதைகளும் நிலைத்தன. அந்த எழுத்தே பிற்காலத்தாருக்கு உரைகல் ஆயிற்று. பெரூஜாவிலிருந்து பார்த்தால் தெரியும் அஸ்ஸிஸி நகரில், தாந்தேக்கும் முன்பே, புனித பிரான்ஸிஸ் லத்தீனை விட்டு உம்ப்ரிய மக்களின் பேச்சில் துதிப்பாடல் ஒன்று இயற்றினார். இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய செல்வங்களில் அது ஒன்று. ஆனால், எழுத்தில் வாழ்ந்த மொழி வீட்டுக்குள் வரவில்லை.

புகழ்பெற்ற நாவலாசிரியர் அலெஸாந்த்ரோ மன்ஸோனியே இதற்குச் சாட்சி. அவர் மிலான்காரர். பேசியது மிலான் பேச்சும் பிரெஞ்சும். தம் மகத்தான நாவலை 1827-ல் வெளியிட்ட பின்னும் அவருக்கு அதன் மொழியில் திருப்தி இல்லை. குடும்பத்தோடு ஃபிளாரன்ஸுக்குப் போய்த் தங்கி, அங்குள்ளவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, நாவல் முழுவதையும் மாற்றி எழுதினார். 1840-ல் தொடங்கி 1842-ல் புதிய பதிப்பு முடிந்தது. தம் துணிகளை ஃபிளாரன்ஸின் ஆர்னோ நதியில் அலசியதாக அவர் சொன்னது இன்றும் பழமொழி போல் வழங்குகிறது. நாட்டின் தலைசிறந்த எழுத்தாளரே, மொழி கற்க வேற்றூர் போன மாணவர்தான்!

பிறகு பள்ளிக்கூடம் வந்தது, பட்டாளம் வந்தது, பத்திரிகையும் வானொலியும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக டெலிவிஷன் வந்தது. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்ஸி என்ற பள்ளி ஆசிரியர் டெலிவிஷனில் பாடம் நடத்தினார். 'எப்போதும் காலம் கடந்துவிடவில்லை' என்பது நிகழ்ச்சியின் பெயருக்குப் பொருள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான வகுப்பு அது. கரித்துண்டால் பெரிய தாளில் படம் வரைந்து, அதன் பக்கத்தில் எழுத்தை எழுதிக் காட்டுவார். கிராமங்களில் வயலில் உழைத்துவிட்டு வந்த கிழவர்களும் கிழவிகளும் ஒன்றாக உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் ஆரம்பப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார்கள் என்பது கணக்கு.

இதைத் தெரிந்துகொண்ட மாணவனுக்குப் பாதிக் கூச்சம் போய்விடுகிறது. தன்னை மழலை பேச வைக்கும் இந்த மொழியை, அந்த மண்ணின் பிள்ளைகளே திக்கித் திணறித்தான் கற்றிருக்கிறார்கள்! அவன் மட்டும் வெட்கப்படுவானேன்? அர்ஜென்டினாப் பேரனுக்கோ இன்னும் பெரிய ஆறுதல். பாட்டி பேசியது கொச்சை அல்ல, பிழையும் அல்ல. அதுவும் இத்தாலிதான்.

அங்கிருந்து வந்த மாணவர்

எழுத்து ஒன்றாகவும் பேச்சு வேறாகவும் இருக்கும் சங்கடம் தமிழருக்குத் தெரியாததல்ல. அதை நன்கு கண்டு சொன்னவர்களில் ஒருவர் இத்தாலியர் என்பது கவனிக்கத்தக்கது. மாந்துவா அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்த கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி, மதுரைப் பக்கம் வந்து தமிழ் கற்றார். அவர்தான் 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர். செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் எழுதினார். இரண்டையும் கற்றால்தான் மக்களோடு பழக முடியும் என்பதை, அந்நிய மாணவராக வந்த அவர் அனுபவத்தில் உணர்ந்திருக்க வேண்டும். பெரூஜாவில் இன்று மாணவர்கள் படும் பாட்டை, அவர் நம் வீதிகளில் அன்றே பட்டிருக்கிறார்.

நீயா, நீங்களா?

மொழி கற்பவரை நெடுநாள் தடுமாற வைப்பது, எதிரே நிற்பவரை எப்படி அழைப்பது என்பதுதான். வீட்டாரையும் தோழரையும் குழந்தைகளையும் 'தூ' என்பார்கள். அது நம் 'நீ'. தெரியாதவரையும் பெரியவரையும் 'லேய்' என்பார்கள். 'லேய்' என்பதன் நேர்ப் பொருள் என்ன தெரியுமா? 'அவள்'! மீசை வைத்த நீதிபதியையும் 'அவள்' என்றுதான் மரியாதையாக அழைக்க வேண்டும். பழைய காலத்தில் 'தங்கள் பிரபுத்துவம்' என்று அழைப்பார்கள். அந்தச் சொல் இலக்கணப்படி பெண்பால். அதற்கு ஏற்பப் பெண்பால் சுட்டு வந்து, அதுவே நிலைத்துவிட்டது.

இந்தச் சொல்லின் மேல் முசோலினிக்குக் கோபம் வந்தது. அது அடிமைப் புத்தி, அந்நியச் சரக்கு என்று சொல்லி, 1938-ல் அவருடைய ஆட்சி 'லேய்' என்பதை ஒதுக்கிவிட்டு 'வோய்' என்று பேசும்படி உத்தரவிட்டது. 'லேய்' என்ற பெயரில் வந்த பெண்கள் பத்திரிகை கூடத் தன் பெயரை 'அன்னபெல்லா' என்று மாற்றிக்கொண்டது. அப்படியானால் விஞ்ஞானி கலிலேயோ கலிலேயியை இனிக் 'கலிவோயி' என்று அழைக்க வேண்டுமோ என்று எழுந்த கேலி இன்றும் சொல்லப்படுகிறது. ஆட்சி கவிழ்ந்தது, 'லேய்' திரும்பி வந்துவிட்டது. சட்டம் போட்டு மரியாதையை மாற்ற முடியாது.

சோறு போடும் மொழி

இவ்வளவு பாடுபட்டுக் கற்பதில் என்ன லாபம் என்று கேட்கலாம். பெரூஜா பல்கலைக் கழகம் 'செலி' என்ற பெயரில் நடத்தும் மொழித் தேர்வுக்கு மதிப்பு உண்டு. பல்கலைக் கழகப் படிப்புக்கும் வேலைக்கும் அந்தச் சான்று உதவும். 2018-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இத்தாலியில் நெடுநாள் வாழ்ந்தோ மணம் புரிந்தோ குடியுரிமை கேட்கிறவர்கள், பொதுவாக 'பி-1' என்ற நடுத்தர அளவுக்கு மொழி தெரியும் என்று காட்ட வேண்டும். பொழுதுபோக்காகப் படிக்கும் சீமாட்டிக்கும், பிழைப்புக்காகப் படிக்கும் ஏழைக்கும் வினைச்சொல் ஒன்றுதான். ஆனால், தவறினால் நஷ்டம் ஒன்றல்ல.

ஆயினும், பெரூஜாவில் படித்தவர்களுக்கு உண்மையான தேர்வு பரீட்சை மண்டபத்தில் நடப்பதில்லை. அது ஒரு சாதாரண நாளில், முன்னறிவிப்பில்லாமல் நடக்கிறது.

வாடகை கொடுக்கவோ, ஊருக்குப் போய் வந்து ஏதோ தின்பண்டம் கொடுக்கவோ, வீட்டுக்கார அம்மாளின் கதவைத் தட்டுகிறான் மாணவன். வழக்கம்போல் 'லேய்' போட்டு மரியாதையாகப் பேசத் தொடங்குகிறான். அந்த அம்மாள் கையை அசைத்து நிறுத்துகிறாள். "தியாமொச்சி தெல் தூ!" என்கிறாள். 'இனி நாம் ஒருவரையொருவர் நீ என்றே அழைத்துக்கொள்ளலாம்' என்று அர்த்தம். வயதில் மூத்தவர்தான் இதைச் சொல்ல வேண்டும். இளையவர் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஒரு வாக்கியம் எந்தச் சான்றிதழிலும் ஏறாது. ஆனால், அதைக் கேட்ட நாளை அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

அவன் வாசற்படியில் நின்று, "பெர்மெஸ்ஸோ?" என்கிறான். உள்ளேயிருந்து, "அவாந்தி!" என்று குரல் வருகிறது.

'வா, உள்ளே வா!' சர்க்கார் கொடுத்த அனுமதி பெட்டிக்குள் இருக்கிறது. இந்த அனுமதியை அவன் மொழி வாங்கிக் கொடுத்திருக்கிறது.